"எல்லாம் 2.4 தானே சேர்" என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்

 

நீண்ட பதிவு. வெளிநாட்டிலிருந்து பாடசாலைகளுக்குச் சாமான் அனுப்புகிறவர்கள், பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதனால் ஒரு நன்மையும் நடக்கவில்லை.

எங்கள் விஞ்ஞான அறை அலுமாரியில் மாதிரி விமானம் ஓட்டும் ரிமோட் ஐந்து இருக்கின்றன. விமானத்துக்குள் வைக்கும் ரிசீவர் ஏழு இருக்கின்றன. இந்தப் பன்னிரண்டு சாமான்களில் ஒன்றோடொன்று கதைக்கக்கூடிய சோடி எத்தனை தெரியுமா? இரண்டு. மிச்சமெல்லாம் புதுப் பெட்டி மணம் போகாமல் தூசி பிடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நல்ல மனதோடு தந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையளிப்பு நிகழ்வு நடந்தது. பெனர் கட்டினோம், படம் எடுத்தோம், இதே முகநூலில் போட்டோம், "மாஷா அல்லாஹ்" என்று நூறு பேர் எழுதினீர்கள். அந்தப் படங்களில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே முதல் குற்றவாளி நான்தான். இதை எழுதிவிட்டே மற்றவர்களிடம் வருகிறேன்.

இந்த அலுமாரியை நிரப்பியது ஒரே ஒரு வசனம். கொழும்பில் ஒரு கடையில் முதலில் கேட்டேன். பிறகு கனடாவிலிருந்து போன் எடுத்த ஒரு சகோதரரிடம் கேட்டேன். பிறகு எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனே சொன்னான்: "எல்லாம் 2.4 தானே சேர், எது எதுக்கும் வேலை செய்யும்."

செய்யாது. 2.4 கிகாஹேட்ஸ் என்பது ஒரு அலைவரிசைப் பட்டை, அவ்வளவுதான். 2400 இலிருந்து 2483.5 மெகாஹேட்ஸ் வரை உள்ள அந்த இடத்தில் உங்கள் வீட்டு வைஃபையும் இருக்கிறது, போனின் புளூடூத்தும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் வேலை செய்கிறது. "எல்லாம் 2.4 தானே" என்றால் குசினியில் இருக்கிற அடுப்பாலேயே விமானத்தை ஓட்டலாமே!

நமக்குப் பழகிய உதாரணம் ஒன்று சொல்கிறேன். கொழும்பிலிருந்து தனிச் சிங்களத்தில் ஒரு கடிதம் நம் கந்தோருக்கு வருகிறது. தபால் சரியாக வந்தது. முகவரி சரி. கடதாசி சரி, மை சரி. ஆனால் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் அது மேசையில் கிடக்கும். ரிமோட்டும் ரிசீவரும் அப்படித்தான். அலை போய்ச் சேரும், மொழி விளங்காது. ரிமோட் ஒரே அலைவரிசையில் நின்று கதைப்பதில்லை. செக்கனுக்குப் பல தடவை அலைவரிசை மாறிமாறித் தாவுகிறது. எந்த ஒழுங்கில் தாவும், தரவை எப்படி அடுக்கும், தன் அடையாள இலக்கம் என்ன என்பதெல்லாம் ரிசீவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "பைண்ட்" பண்ணுவது என்று சொல்கிறோமே, அது இந்த அறிமுகம்தான். மொழி வேறாக இருந்தால் அறிமுகமே நடக்காது. பட்டனை எத்தனை தடவை அமத்தினாலும் ரிசீவரின் சிவப்பு லைற் மின்னிக்கொண்டே இருக்கும்.

இது எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. 27, 35, 72 மெகாஹேட்ஸ் காலத்தில் ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே இலக்கக் கிறிஸ்டல் போடுவார்கள். அப்போது பெரும்பாலும் ஒரு கம்பனியின் ரிமோட்டுக்கு இன்னொரு கம்பனியின் ரிசீவர் சரிவந்தது. அதற்குள்ளும் சிக்கல் இருந்தது. மைதானத்தில் இருவர் ஒரே சனலை ஓன் பண்ணினால் ஒருவரின் விமானம் நிலத்தில் குத்தும். 2000களின் நடுப்பகுதியில் ஸ்பெக்ட்ரம் போன்ற கம்பனிகள் 2.4க்கு மாறியபோது அந்த மோதல் தீர்ந்தது. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே மூச்சில் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று ஒரு மொழியை உண்டாக்கிப் பூட்டுப் போட்டது. ஸ்பெக்ட்ரத்துக்கு டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ். ஃபுட்டாபாவுக்கு ஃபாஸ்ட், எஸ்-எஃப்எச்எஸ்எஸ், டி-எஃப்எச்எஸ்எஸ். ஃப்ளைஸ்கைக்கு ஏஎஃப்எச்டிஎஸ், அதன் 2ஏ, பிறகு 3. ஃபிரிஸ்கைக்கு டி8, டி16, பிறகு அக்சஸ். ரிமோட் ஒரு தடவை வாங்கும் சாமான். ரிசீவர் ஒவ்வொரு விமானத்துக்கும் வேண்டும். பூட்டு யாருக்கு இலாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம்மை ஏமாற்றுவது வயரும் பிளக்கும். சேர்வோ மோட்டாரின் மூன்று வயர் பிளக் ஏறக்குறைய எல்லாக் கம்பனி ரிசீவரிலும் போய்க் குந்தும். பிளக் கொழுவிவிட்டது, ஆகவே வேலை செய்யும் என்று பிள்ளை நினைக்கிறான். கொடையாளியும் அப்படியே நினைக்கிறார்.

வயது வந்தவர்களே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். யுத்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்தது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் ஆட்கள் அதே நேரம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து அதே பீபீசி தமிழோசையைக் கேட்டார்கள். என் வாப்பாவிடம் இருந்தது ஒரு கம்பனியின் ரேடியோ, பக்கத்துக் கொட்டிலில் வேறொன்று, வன்னிக்குள் இன்னொன்று. எல்லாவற்றிலும் செய்தி ஒரே நேரத்தில் கேட்டது. தமிழோசை கேட்பதென்றால் இன்ன கம்பனி ரேடியோதான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் செய்தி காசுள்ளவனுக்கு மட்டும்தான் போயிருக்கும். சிற்றலை வானொலி எல்லாருக்கும் தெரிந்த பொது மொழியில் பேசியது. கைக்கு எது கிடைத்ததோ அதில் கேட்க முடிந்தது. இல்லாத ஊருக்குப் பொதுமொழிச் சாமான்தான் உதவும். பூட்டுப் போட்ட சாமான் இருக்கிற ஊருக்கு.

சரி, ஒரே கம்பனியாக வாங்கினால் தப்பலாமா? அதுவும் நிச்சயமில்லை. எங்களுக்கு ஒரு சகோதரர் கனடாவிலிருந்து ரிமோட் அனுப்பினார். அவருடைய மச்சான் ஜெர்மனியிலிருந்து ரிசீவர் அனுப்பினார். பெட்டியில் ஒரே பெயர், ஒரே படம். இரண்டும் கதைக்கவில்லை. இரண்டு கிழமை மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் விளங்கியது. ஐரோப்பாவில் 2015 தொடக்கம் 2.4 பட்டையின் விதி மாறியது. அதற்கேற்பச் சில கம்பனிகள் அங்கே விற்கும் கருவிகளில் "பேச முன் கேள்" என்ற வகை மென்பொருளைப் போட்டன. அமெரிக்கப் பக்கம் விற்பதில் வேறு மென்பொருள். ஃபிரிஸ்கை டி16 வகையில் இது உலகம் முழுக்கத் தெரிந்த தலையிடி. உள்ளே உள்ள மென்பொருளை மாற்றினால் சரிவரும். அதற்குக் கணினி வேண்டும், வயர் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டிலிருந்து வரும் அன்பளிப்பு எங்கள் மேசையில் வந்து ஊமையாகிவிடுகிறது.

இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து "நீண்ட தூரம் போகும்" என்று 915 மெகாஹேட்ஸ் கருவி அனுப்பப் பார்த்தார். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார். அமெரிக்காவில் 902 இலிருந்து 928 வரை அப்படிப்பட்ட கருவிகளுக்கு விடப்பட்ட இடம். நம் நாட்டில் 900 பட்டையில் கைத்தொலைபேசி வலையமைப்பு இருக்கிறது. 915க்குக் கீழே நம் போன்கள் கோபுரத்தோடு கதைக்கின்றன, 925க்கு மேலே கோபுரம் போனோடு கதைக்கிறது. அதற்கு நடுவே போய் ஒரு பாடசாலைப் பிள்ளை ரிமோட் ஓன் பண்ணுவதா? கருவி ரிசீவரோடு மட்டும் பொருந்தினால் போதாது, நாட்டோடும் பொருந்த வேண்டும்.

இப்போது நான் சொல்லக் கூச்சப்படும் விடயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஒரு வகை ரிமோட்டில் பழகியிருந்தார்கள். அதில் மோட்டாருக்கான வயர் ரிசீவரின் 3ஆம் இடத்துக்குப் போகும். பிறகு வேறொரு கம்பனியின் ரிமோட்டும் ரிசீவரும் பாவித்த சாமானாக வந்தன. சோடி சரி, பைண்ட் ஆகிவிட்டது, லைற் நிலையாக எரிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோசம். ரிசீவரில் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. தரம் பத்துப் பிள்ளை பழைய பழக்கத்தில் மோட்டார் வயரை 3இல் கொழுவினான். எல்லாக் கம்பனியும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. ஃபுட்டாபா, ஃப்ளைஸ்கை பக்கம் மோட்டார் மூன்றாவது. ஸ்பெக்ட்ரம் பக்கம் மோட்டார் முதலாவது, மூன்றாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு. மோட்டார்க் குச்சி தன்பாட்டில் கீழேயே நிற்கும். வால் தகட்டின் குச்சி கையை எடுத்தவுடன் நடுவுக்கு வரும். பிள்ளை தகட்டைப் பார்க்கக் குச்சியை அசைத்தான். கீழ் எல்லைக்குப் போனதும் மோட்டார்க் கட்டுப்பாட்டுப் பெட்டி "சரி, தயார்" என்று கூவியது. குச்சியை விட்டான். அது நடுவுக்கு வந்தது. நடு என்றால் மோட்டாருக்கு அரைவாசி வேகம். காத்தாடி கழற்றப்படவில்லை.

விரலில் மூன்று தையல். அல்ஹம்துலில்லாஹ், கண்ணில்லை. அந்தப் பிள்ளையின் உம்மா என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "பரவாயில்லை சேர்" என்றார். அதுதான் இன்றுவரை எனக்குக் குத்துகிறது. பிழை என்னுடையது. மேசைச் சோதனையில் காத்தாடியைக் கழற்ற வேண்டும் என்ற முதல் பாடத்தை நான் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஐந்து வகை ரிமோட், ஐந்து வகை ஒழுங்கு என்று ஒரு வகுப்பறையை நடத்தினால் இது ஒருநாள் நடந்தே தீரும். பொருந்தாத சாமான் வீண்செலவு மட்டும் என்று நினைத்திருந்தேன். அரைகுறையாகப் பொருந்துவது அதைவிட ஆபத்து.

இனி, எனக்கு வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன். எல்லாம் ஏற்கெனவே கேட்டவைதான்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா சேர்?" பார்க்க வேண்டும். அந்த மாட்டை வைத்து உழப் போகிறவன் பார்த்தே ஆக வேண்டும். படம் எடுக்க மட்டும் மாடு கேட்பவன் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் ஸதகத்துல் ஜாரியா என்று நிய்யத் வைத்துத் தருகிறீர்கள். ஓடுகிற வரைக்கும்தான் அது ஜாரியா. அலுமாரியில் கிடப்பதற்கு மார்க்கத்தில் வேறு பெயர் இருக்கிறது, வீண்விரயம். உங்கள் காசு எங்கள் கையில் அமானத். கேள்வி கேட்காமல் வாங்கியது எங்கள் தவறு. கேட்காமல் அனுப்பியது உங்களுடையது.

"எல்லா மொழியும் பேசும் ரிமோட் இருக்கிறதே, ஒன்று வாங்கினால் முடிந்ததே?" இருக்கிறது. நான்கு வகைச் சிப் வைத்த பன்மொழி மொடியூல் உள்ள ரிமோட்கள் வருகின்றன. ஃப்ளைஸ்கை, ஃபிரிஸ்கையின் பழைய மொழிகள், ஸ்பெக்ட்ரம், பல விளையாட்டுச் சாமான்கள் என்று நிறையப் பேசும். அலுமாரியில் கிடக்கும் ரிசீவர்களில் பாதியையாவது உயிர்ப்பிக்க அப்படி ஒன்று உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது எல்லாவற்றையும் பேசாது. ஃபுட்டாபாவின் ஃபாஸ்ட் போன்றவை அதற்கும் பூட்டுத்தான். ஒவ்வொரு ரிசீவருக்கும் தனித்தனி அமைப்புச் செய்யத் தெரிந்த ஆசிரியரும் வேண்டும். அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் ரிமோட் மறுபடி ஊமை. வன்னியில் இடமாற்றம் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும்.

"குடிதண்ணி இல்லாத பாடசாலைக்கு விமானம் ஒரு கேடா?" நியாயமான கோபம். ஆனால் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கப்பட்டு இத்தனை வருடமாகியும் நம் பிள்ளைகளில் பலர் ஒரு மோட்டாரைத் தொடாமலே பரீட்சை எழுதுகிறார்கள். ரெஜிபோமில் வெட்டிய ஓர் இறக்கை, ஒரு சேர்வோ, ஒரு ரிசீவர் இருந்தால் விசை, மின், அலை, கணிதம் நான்கையும் ஒரே மேசையில் படிப்பிக்கலாம். ஜும்ஆவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரத்தில் பிறந்து விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாமின் படத்தை வகுப்பறையில் மாட்டுகிறோம். படம் மாட்டியது போதும். காசு குறைவு என்பதால்தான் ஒரு ரூபாவும் வீணாகக் கூடாது என்கிறேன்.

"எங்களுக்கு இது தேவையில்லாத வம்பு." இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். இந்த மண்ணில் மேலே பறப்பது என்றால் கிபிரும் வண்டும்தான் என்று வாழ்ந்த தாய்மார் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ரிமோட், வயர், பற்றரி வைத்திருக்கும் முஸ்லிம் பொடியனை நாடு எப்படிப் பார்த்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதமே ஆளில்லா வானூர்திகள் பறப்பது நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. ஆகவேதான் சொல்கிறேன், யாரோ பயணப் பையில் கொண்டுவந்த, பெயர் தெரியாத, பத்திரமில்லாத கருவி எங்களுக்கு வேண்டவே வேண்டாம். ரேடியோக் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பறப்பதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இருக்கிறது. அனுமதி கைக்கு வரும்வரை எங்கள் பிள்ளைகள் மேசையில்தான் படிப்பார்கள், வெளியே கையால் எறியும் கிளைடர்தான் பறக்கும். எது, எங்கிருந்து வந்தது, எந்த அலைவரிசை என்று ஒரு தாளில் காட்ட முடிந்தால் பயம் பாதி குறையும். ஐந்து நாட்டுச் சாமான் கலந்து கிடக்கும் அலுமாரிக்கு எப்படித் தாள் காட்டுவது?

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் என் பதில் இது. வன்னியில் இதைச் செய்ய விரும்பும் பாடசாலைகள் எல்லாம், நீராவிப்பிட்டியோ, பட்டாணிச்சூரோ, செட்டிகுளமோ, நாச்சிக்குடாவோ, பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளோ, ஒரே மொழியைத் தெரிவுசெய்து எழுதி ஒட்ட வேண்டும். என் தெரிவு 2.4இல் ஓடும் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ். அதன் நிரல் திறந்த நிரல், யாரும் பார்க்கலாம். பல கம்பனிகள் அதற்கு ரிமோட்டும் ரிசீவரும் செய்கின்றன, ஒன்றின் ரிமோட் மற்றதன் ரிசீவரோடு கதைக்கிறது. வானொலிக் காலத்துப் பொதுமொழிக்கு இன்று ஆகக் கிட்ட இருப்பது அதுதான். அதிலும் நிபந்தனை உண்டு. இரண்டு பக்கமும் மென்பொருளின் முதல் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும், 2 உம் 3 உம் கதைக்காது. விமானத்துக்குச் சேர்வோ நேரே கொழுவும் பிடபிள்யூஎம் வகை ரிசீவர்தான் வேண்டும். "இல்லை, ஃப்ளைஸ்கை 2ஏ மலிவு, அதையே எடுப்போம்" என்று பெரும்பான்மை சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஒன்றாக இருக்கட்டும், அது போதும்.

ஒன்றாக இருந்தால் என்ன நடக்கும்? ஒரு பாடசாலையில் ரிசீவர் எரிந்தால் அடுத்த பாடசாலை இரவல் தரலாம். இரண்டு ரிமோட்டை ஆசிரியர், மாணவர் என்று இணைத்துப் பழக்கலாம். பிள்ளை தடுமாறினால் ஆசிரியர் ஒரு சுவிட்சில் விமானத்தைத் தன் கைக்கு எடுப்பார். சென்ற வருடம் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் தன் பிள்ளைகள் செய்த இறக்கையோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரிடம் விமானம் இருந்தது, எங்களிடம் ரிமோட் இருந்தது. இரண்டு மணித்தியாலம் முயன்றோம், கதைக்கவில்லை. பிள்ளைகள் இரு பக்கமும் நின்று சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு அவர் திரும்பிப் போனார். முப்பது வருடப் பிரிவுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒரு ரிசீவர் வாங்கிய பிழையால் வெறுங்கையோடு அனுப்பினோம்.

அனுப்ப நினைப்பவர்கள் காசு கட்ட முன் நான்கு கேள்வி கேளுங்கள்: ரிமோட்டும் ரிசீவரும் பேசும் மொழியின் பெயர் என்ன? எந்த நாட்டு மென்பொருள், எந்தப் பதிப்பு? எத்தனாம் இடத்தில் மோட்டார்? இதே மொழி பேசும் இன்னொரு ரிசீவரை ஆறு மாதம் கழித்து நாங்கள் இங்கே வாங்கலாமா? கடைக்காரர் "எல்லாம் 2.4 தானே" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

எங்கள் அலுமாரியில் உள்ளவற்றின் பட்டியலை, மொழி, பதிப்பு, நிலை எல்லாம் எழுதி, படத்தோடு முதல் கொமென்டில் போடுகிறேன். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் உங்களுடையதைக் கீழே போடுங்கள். எங்களிடம் ஊமையாக இருக்கும் ரிசீவருக்கு உங்களிடம் ரிமோட் இருக்கலாம். இருந்தால் வந்து எடுத்துப் போங்கள். கையளிப்பு நிகழ்வும் வேண்டாம், படமும் வேண்டாம். உங்கள் அதிபரின் கடிதம் ஒன்று இருந்தால் போதும்.